குறுக்கே உழுங்கள், அப்பா

மட்டாஞ்சேரி
ஆவணி மாதம், 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பேச்சி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். போன கடிதத்தில் மாடுகளின் சுகத்தை விவரமாக எழுதியிருந்தீர்கள். உங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதையும் எழுதுங்கள்.

இங்கே மழை இன்னும் விடவில்லை. சுக்குக் கிட்டங்கியில் ஈரம் ஏறிவிடும் என்று எங்களை மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டிப் பொறுக்க வைக்கிறார்கள். அம்மாவுக்குத் தூசியால் தும்மல் அதிகம். கணக்குப் பார்க்கும் சேட்டன் நல்லவர். மத்தியானம் அம்மாவுக்கு மட்டும் இஞ்சி போட்ட சாயா வாங்கிக் கொடுக்கிறார். நான் அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நம் மானாவாரிக் காட்டின் மேல்மண்ணை வெட்டி எடுத்துக்கொள்ளச் செங்கல் சூளைக்காரர் கேட்கிறார், புரட்டாசி பிறந்ததும் சம்மதம் சொல்லிவிட்டு நானும் அங்கே மூட்டை தூக்க வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வரட்டும் என்று மட்டும் சொன்னாள். பிறகு சோறு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அப்பா, சூளைக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். வெட்டிய மண் திரும்ப வராது.

இரண்டு கோடையும் குளத்தில் கரம்பை மண் அள்ளி வண்டி வண்டியாகக் காட்டில் கொட்டினீர்கள். நானும் கூடை சுமந்தேன். ஐப்பசி மழையில் அத்தனையும் குளத்துக்கே திரும்பிப் போனது. மண் சத்தில்லாதது என்று சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கிட்டங்கி முற்றம் கொஞ்சம் சரிவானது. அதைக் கழுவும்போது ஒரு நாள் காலிச் சாக்கு ஒன்று தண்ணீருக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கு மேல்பக்கம் மண்ணெல்லாம் தங்கி நின்றது. மறுநாள் சாக்கைச் சரிவோடு நீளமாகப் போட்டுப் பார்த்தேன். மண் நிற்கவில்லை, தண்ணீரோடு ஓடிவிட்டது. அப்போதுதான் நம் காடு நினைவுக்கு வந்தது.

மேட்டிலும் பாதி, பள்ளத்திலும் பாதி இரண்டு மகன்களுக்கும் வர வேண்டும் என்று தாத்தா காட்டை மேலிருந்து கீழாகப் பிரித்தார். நியாயமான பங்குதான். ஆனால் துண்டு ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது. குறுக்கே உழுதால் மாடு திரும்ப இடமில்லை என்று நீங்கள் மேலிருந்து கீழாகவே உழுகிறீர்கள். ஒவ்வொரு உழவுச் சாலும் மழைக்கு ஒரு வாய்க்கால். பக்கத்தில் முப்பிடாதி அண்ணாச்சிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. காடு முழுதாக இருக்கிறது, குறுக்கே உழுகிறார். அதே செவல் மண்ணில் அவருக்குச் சோளம் ஆள் உயரம் நிற்கிறது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை படகு ஏறி எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் வைட்டிலாவுக்குப் போனேன். ராசப்பன் சித்தப்பா அங்கே ஒரு வீட்டுக் கட்டட வேலையில் கொத்தனாராக இருக்கிறார். கோபப்படாதீர்கள். அண்ணனும் தம்பியும் ஆறு வருசமாகப் பேசாத பேச்சை நீ பேசப்போகிறாயா என்று அம்மா என்னைக் கேட்டாள். பிறகு அவளே தலை பின்னிவிட்டாள்.

சித்தப்பா சாரத்தில் நின்றுகொண்டு, அண்ணன் அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். கரண்டியைக் கீழே வைக்காமல், "ஏட்டி, வாத்தியார் உன் பேர் கேட்டாலே அழுவியே, நீயா பஸ் ஏறி வந்தே?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கால் நகரவில்லை, அதனால் பேசிவிட்டேன்.

நடு வரப்பை எடுத்துவிடலாம், மேலும் கீழும் உள்ள எல்லைக்கல் அப்படியே இருக்கட்டும், உங்கள் துண்டு உங்களுடையதுதான் என்றேன். இரண்டு துண்டையும் சேர்த்துக் குறுக்கே உழ வேண்டும். அவர் துண்டில் மண்டிக் கிடக்கும் உடைமுள்ளை வெட்டி மழைத்தண்ணீர் ஓடையாக அரித்த வாயில் போட்டுக் கல் ஏற்ற வேண்டும். இந்த வருடம் கடலை வேண்டாம், பிடுங்கும்போது மண் இளகிவிடும். காணப்பயறு விதைத்தால் படர்ந்து மண்ணை மூடும். அறுப்பு முடிந்ததும் எருவுக்குக் கோனார் ஆட்டுக்கிடை போடட்டும். நம் துண்டு மட்டும் என்றால் கிடைக்கு இடம் போதாது என்று அவர் முன்பே சொன்னார் அல்லவா? விளைவதை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் இருவர் பாடு. இவ்வளவையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார். செங்கல்லில் இருந்த கலவை காய்ந்துவிட்டது. பிறகு, வரும் நாளைச் சொல்லிவிட்டு, இவ்வளவுதான் சொன்னார்:

"வரப்ப நான் வந்து வெட்டுதேன். ஆனா கூப்பிடாத காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

அது அவருடைய காடும்தானே என்று சொல்ல வந்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை அவர் ஊருக்கு வருகிறார். காலை பஸ்ஸில் மெயின் ரோட்டு விலக்கில் இறங்குவார். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், பழையதைப் பேச வேண்டாம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறவர் மாதிரியே அந்தப் பக்கம் போங்கள். அவர் இறங்கியதும், வா என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உங்கள் பின்னால் வந்துவிடுவார். எனக்குத் தெரியும்.

நீங்கள் இங்கே வந்து மூட்டை தூக்க வேண்டாம், அப்பா. காணம் அறுக்க எங்களைக் கூப்பிடுங்கள். அம்மா இப்போதே சரி என்கிறாள்.

உங்கள் பாதம் தொட்டு,
மகள் பேச்சி