நடுத்தட்டு தாங்காத தீர்மானம்

மங்கலம்,

டியூட்டி முடிந்து வந்ததும் ஹாலில் கிடக்கும் புத்தகக் குவியலைப் பார்த்துப் பயப்படாதே. திருடன் யாரும் வரவில்லை, நான்தான். வீட்டிலுள்ள தமிழ்ப் புத்தகம் அத்தனையும் நம் மகள் நிவேதாவின் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அலமாரியின் நடுத்தட்டில் திணித்தேன். என் லட்சியத்தைத் தாங்கப் பலகைக்குத் தெம்பில்லை. இன்று காலை முறிந்துவிட்டது. மதியம் ஆசாரி வருவார், காபி கொடு.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் என்றும் பாராமல் அவளுடைய மலையாளப் புத்தகங்களைப் பரணில் ஏற்றியதும் நான்தான். புது வருஷத்துக்கு மாதம் ஒரு தமிழ்ப் புத்தகம் என்று அவளுக்காகத் தீர்மானம் எடுத்ததும் நானே. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு வேண்டுமா என்று நான் கேட்டால் உன்னைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவளுக்குப் பிடிக்காதது தமிழா, நானா என்று நீயாவது கேட்டுச் சொல்.

தோசைமாவு பிரிட்ஜில் இருக்கிறது. சாம்பாருக்கு உப்பு போட்டது நான். ருசி பார்த்துவிட்டு ஊற்று.

பி.கு.: நான் செருப்பு மாட்டும்போது அவளே எழுந்து வந்து குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உன்னிடம் ஒப்படைத்த கேள்வியை நானே கேட்டுவிட்டேன்.

"தமிழைப் பிடிக்கலியா, அப்பாவைப் பிடிக்கலியா? நேராச் சொல்லு மக்ளே."

"ரெண்டும் பிடிக்கும். எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள கதை மறந்து போவுதுப்பா. என் புக்கை எல்லாம் கீழ எறக்குங்க. தமிழை நீங்க வாசிச்சுத் தாங்க, நான் கேக்கேன்."