மரியாதைக்குச் சொன்ன வார்த்தை

கடத்தூர்,
ஜூன் 16.

அன்பு மகள் வெண்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு வலி, மாடு மட்டும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்கத்தான் சனிக்கிழமை மொரப்பூரில் ரயிலேறி ஐந்து மணி நேரம் வந்தேன். நீ வெளியே வரவில்லை.

இந்தக் கடிதத்தை இல்லத்து ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். படிக்கிற மேடத்துக்கும் வணக்கம். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, நிதானமாகப் படியுங்கள்.

பதினொன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் உனக்குத் தலைவலி என்றார்கள். அப்புறம் தூங்குகிறாய் என்றார்கள். கடைசியில் வார்டன் அம்மாவே வந்து, "எனக்கு அம்மாவே இல்லைன்னு சொல்லுதுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. கொண்டுவந்த அவித்த கடலையை வாங்கவில்லை, வெளிச் சாப்பாடு கூடாதாம். நீலச் சுடிதாரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதன் மடிப்புக்குள் நாப்கின் பாக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன். "ஒன்னொன்னா கேட்டு வாங்கணும்மா, அதுவும் கேட்ல நிக்கற அண்ணன்கிட்ட" என்று பங்குனியில் பார்த்தபோது நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. (படிக்கிற மேடம், இதையும் கொஞ்சம் கவனியுங்கள்.)

ஊர்ச் செய்தி கேட்டால் உனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் சொல்கிறேன். முருகேஷ் பிளஸ் ஒன் பாஸ் செய்துவிட்டான். தக்காளி மண்டிக்காரர் வண்டியைக் கேட்காமல் எடுத்து ஓட்டியவன் அவன், பின்னால் உட்கார்ந்திருந்தவள் நீ. ஓசூரில் போலீஸ் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பிடித்தது. அவன் நாலாம் நாள் வீட்டுக்கு வந்தான், பரீட்சை எழுதினான், இப்போதும் நம் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறான். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனைத் திட்டவும் எனக்குத் தெம்பு இல்லை.

காளியப்பன் மாமனுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்தது. பெண் அரூர்ப் பக்கம், இருபத்து மூன்று வயது. எந்தக் கல்யாணத்துக்குப் பயந்து நீ அந்த வண்டியில் ஏறினாயோ, அந்தக் கல்யாணத்தில் நான் பந்திக்குச் சாம்பார் ஊற்றினேன். கூடப் பிறந்த தம்பி, போகாமல் இருக்க முடியுமா? ஒவ்வோர் இலையாகக் குனிந்து நிமிரும்போதும் உன் நினைப்புத்தான்.

என் மேல் என்ன கோபம் என்று ஒரே ஒரு வரி எழுது, கண்ணு. திட்டியாவது எழுது. உள்ளே தலையைச் சரியாகத் துவட்டு, உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மு. கலைமணி.


கடத்தூர்,
ஜூலை 19.

அன்புள்ள வெண்மதிக்கு,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை, உன் கோபம் என்னவென்று எனக்கு வேறு இடத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை தர்மபுரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிரியதர்ஷினி என்று ஒரு மேடம், பொங்கலுக்கு அப்புறம் பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீசுக்கு வேலைக்கு வந்தவர். கேசில் மாட்டிக்கொண்ட பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு திட்டம் எழுதுகிறாராம். இருப்பதெல்லாம் பையன்களை நினைத்துப் போட்டதாம். வண்டி மெக்கானிக், வாலிபால், கேரம் போர்டு. பெண் பிள்ளை வந்தால் ஒரு தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திட்டம் முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள் என்று அவரே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாலே கண் வலிக்கிறது என்பவள்.

ஏழு அம்மாக்கள் வந்திருந்தோம். டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். அந்த மேடத்துக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருக்கிறது. "ரெண்டு தடவ எழுதி மேல அனுப்பிட்டேங்கம்மா. பொண்ணுங்க கொஞ்சம் பேர்தானே, தனியா எதுக்குன்னு ரெண்டு தடவயும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் உங்க வாயால கேட்டு எழுதலாம்னு" என்றார். பெண் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆபீசில் நம்மை உட்கார வைத்து என்ன வேண்டும் என்று யார் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லிப் பழகுவதற்கு?

சித்தேரி மலையிலிருந்து சென்னம்மாள் என்று ஒருத்தி வந்திருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள். "பையனுங்கள கிட்டத்துல வெச்சுக்கறீங்க, பொட்டப் புள்ளைங்கள மட்டும் எதுக்குங்க அம்மாந் தூரம் கொண்டுபோய் வெக்கறீங்க?" என்று கேட்டாள். மலையிறங்கி, பஸ் பிடித்து, ரயில் பிடித்து அவள் போய்ச் சேர்வதற்குள் பார்க்கிற நேரமே முடிந்துவிடுகிறதாம். மேடம் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. "எம்புள்ளயும் ஒரு பையனும் ஒரே வண்டியிலதாங்க போனாங்க. அவன் நாலு நாள்ல வூட்டுக்கு வந்துட்டான், இவ ஆறு மாசமா உள்ளயே கெடக்கறா. இதுக்கு உங்க திட்டத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

அவர் கோபப்படவில்லை. உன் ஃபைலை எடுத்துவரச் சொல்லி, என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். "சிறுமியின் தாயார், மகளை அழைத்துச் செல்ல விருப்பமில்லை எனவும், இல்லத்திலேயே வைத்துப் பராமரிக்குமாறும் தெரிவித்தார்." கீழே என் கையெழுத்து. மே மாத விசாரணையில் வீடியோவில் உனக்கும் அதைப் படித்துக் காட்டினார்களாம்.

பொய் என்று கத்தினேன், வெண்மதி. அப்படியானால் அன்றைக்கு என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உன் கேசை விசாரிக்கிற போர்டில் பெரிய மேடம் என்னைப் பார்த்து, பெண்ணைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியுமா, இல்லை கொஞ்ச நாள் இல்லத்திலேயே இருக்கட்டுமா என்று கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க பெரியவங்க, உங்க புள்ளயா நெனச்சு நீங்களே பாத்துக்குங்கம்மா" என்றேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று டீச்சரிடமும் அதைத்தான் சொன்னேன். உனக்கு டெங்கு வந்தபோது டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். பெரிய இடத்தில் போய் நின்றால் என்னைப் போன்றவள் வாயில் வேறு என்ன வரும்? அதற்கு விருப்பமில்லை என்று அர்த்தம் எழுதுவார்கள் என்று நான் கண்டேனா?

கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சென்னம்மாளுக்கு நான் கத்தியது கேட்டுவிட்டது. "அய்யோ, நானும் அதையேதாங்க சொன்னேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தால் ஏழு பேரில் நான்கு பேர் சொன்னது அதே வார்த்தை. முருகேஷ் அப்பாவிடம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லையாம். கையெழுத்துப் போடுங்கள், கூட்டிப் போங்கள், அவ்வளவுதான். பையனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று யாரும் கேட்பதில்லை என்று மேடம் சொன்னார். இனிமேல் தாயிடம் கேட்பதற்கு முன்னால் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என்ன சொன்னால் தாளில் என்ன ஏறும் என்று விளக்க வேண்டும், இதைத்தான் திட்டத்தில் முதலில் எழுதப் போகிறேன் என்றார். எழுதட்டும். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தாலும் வரும். அவருக்கே அந்தப் பயம் இருப்பது முகத்தில் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் கடிதத்தை முடித்திருக்கலாம். தப்பு தாளில்தான், அம்மா மேல் இல்லை என்று நீயும் மனசு இறங்குவாய். மூன்று நாளாக அப்படித்தான் முடிக்கப் பார்க்கிறேன், கை வரவில்லை.

மரியாதைக்குச் சொன்ன வார்த்தைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு உங்கப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, அவள் வந்தால் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஊர் முழுக்க வாசலுக்கு வரும். காளியப்பன் வருவான். அந்த மேடம் "சரி, இருக்கட்டும்" என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அசந்து தூங்கிவிட்டேன், கடத்தூர் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் எழுப்பினார். பெற்ற பெண்ணை அப்படி ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது. அந்தத் தாளில் எழுதியிருப்பதில் பாதியாவது நிஜம் என்று உனக்குத் தோன்றினால், அது தப்பில்லை.

மாமனுக்குக் கொடுப்பது என்று பேசியபோதும் நீ மூன்று முறை என்னிடம் வந்து வேண்டாம் என்றாய். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, எல்லாம் சரியாகப் போய்விடும் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வருகிற 28-ஆம் தேதி விசாரணை. இந்த முறை வீடியோ கிடையாது, உன்னை வேனில் தர்மபுரிக்கே அழைத்து வருகிறார்கள். என்னிடம் மறுபடியும் கேட்பார்கள், பிரியதர்ஷினி மேடம் அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார். எம்புள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லப் போகிறேன். தக்காளி பறிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துப் பாத்தியில் பறிக்கும் நஞ்சம்மாள் அக்கா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்.

உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அவள வூட்டுக்குள்ள விடலைன்னா நானும் வெளியதான் நிப்பேன், சோத்துக்கு நீங்களே பாத்துக்குங்க" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் வாயிலிருந்து சரி என்று வரும்வரை காத்திருந்தால் உனக்கு நிஜமாகவே கல்யாண வயசு வந்துவிடும். அதனால் நான் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் உன் டி.சி. விஷயமும் விசாரித்தேன், தர்மபுரியில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி நீ பிளஸ் ஒன் மறுபடி படிக்கலாமாம். நம் வீடா, ஹாஸ்டலா என்பது உன் இஷ்டம். இந்த முறை நீ சொல்வதைக் கையை ஈரமாக வைத்துக்கொண்டு கேட்கமாட்டேன்.

எனக்குப் பிறகு உன்னிடமும் கேட்பார்கள், அம்மாவுடன் போகிறாயா என்று. பதினெட்டு வயசுவரை உள்ளேயே இருந்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று நீ சொல்லியிருப்பதாக மேடம் சொன்னார். அப்படியே சொல்வதானாலும் சொல், சாமி. உனக்கு அந்த உரிமை இருக்கிறது, நான் அழுது மாற்றப் பார்க்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யாரிடமும் சொல்லி அனுப்பாதே. வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல். காலை ஒன்பது மணியிலிருந்து நான் வாசலில்தான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
மு. கலைமணி.