சனிக்கிழமைகளில் ஏறாத நுரை

காலையில் கீழே பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவின் குரல் கேட்டதும், பால்கனியில் கிடந்த உங்கள் பழைய மீன்தொட்டி ஸ்கிம்மரை எடுத்தேன். கழுவிக் காயவைத்துச் சில வாரங்கள் ஆகியும் வாடை போகவில்லை. மீன் மார்க்கெட்டையும் அடைத்துக்கொண்ட சாக்கடையையும் சேர்த்துக் கலக்கிய அந்த வாடையை முகர்ந்துவிட்டு, "நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் இந்த டெல்லி துவாரகாவில் நீங்கள்தான். மேலே வந்த கபாடிவாலா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனான். நான் லிஃப்ட் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏர்போர்ட் வேலையிலிருந்து உங்களோடு ரிட்டையர் ஆனவர்கள் பார்க்கில் நடந்தார்கள், யோகா கற்றுக்கொண்டார்கள். நீங்கள் சுற்றுவட்டாரத்தில் கடலே இல்லாத ஊரில், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு கடல் செய்தீர்கள். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மீன்களை விட்டீர்கள். என் இட்லி மாவு வாளிதான் முதலில் காணாமல் போனது. மீன் சாப்பிட்டு மிச்சம் வைப்பதும் கழிப்பதும் தண்ணீரைக் கெடுக்கும் என்பதால், அந்த அழுக்கை நுரையாக்கி மேலே ஏற்றி ஒரு கோப்பையில் தள்ளுகிற கருவி வேண்டும் என்றீர்கள். அதுதான் ஸ்கிம்மர். பம்ப் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடிக்கும், நுரை பொங்கும். சோறு வடிக்கும்போது பொங்குகிற மாதிரி என்று எனக்கு விளக்கினீர்கள். சோறு வடிக்கிற எனக்கே.

"ஒரு சைஸ் பெரிசாவே எடுப்போம்" என்பது உங்கள் வாழ்க்கைக் கொள்கை. நம் பெண்ணின் ஸ்கூல் ஷூ அப்படித்தான், லிஃப்டில் நுழையாமல் படியேறி வந்த சோபாவும் அப்படித்தான். ஸ்கிம்மரையும் அப்படியே வாங்கி வந்தீர்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் அதை வைத்தால் கதவு மூடாது. வருகிறவர்கள் எல்லாம் திறந்து கிடக்கும் அந்தக் கதவில் இடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை வியாதி. வாரம் முழுக்க நன்றாக ஏறுகிற நுரை சனிக்கிழமை மட்டும் படுத்துவிடும். கோப்பையில் ஒரு சொட்டு இருக்காது. நீங்கள் வோல்டேஜைத் திட்டினீர்கள், எலக்ட்ரீஷியனை வரவழைத்தீர்கள், பம்ப் போதவில்லை என்று இன்னும் பெரிய பம்ப் மாட்டினீர்கள். அடுத்த சனிக்கிழமையும் நுரை படுத்தது. தீபாவளி அன்று, அது சனிக்கிழமையும் இல்லை, நுரை அடியோடு இறங்கியது. நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உங்க கையை மோந்து பாருங்க" என்றேன்.

நல்லெண்ணெய். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், குளித்த கையோடு தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லை நகர்த்துவது. சிகைக்காய் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கியிருக்கிற எண்ணெய் போதும், அந்த நுரையை உட்காரவைக்க. உலகத்தில் எத்தனையோ பேர் மீன் வளர்க்கிறார்கள், இந்தக் கோளாறு நம் வீட்டுக்கே உரியது. எண்ணெயையும் விட முடியாது, மீனையும் விட முடியாது என்று யோசித்து, சனிக்கிழமை மட்டும் தொட்டி என் பொறுப்பு என்று முடிவு செய்தீர்கள். அப்படியும் நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்துக் கைவிடுவீர்கள். திரும்பி வந்து கோப்பையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள்.

நீங்கள் போனபிறகு சனிக்கிழமையும் நுரை நன்றாக ஏறியது. கருவிக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

போன மாதம் பம்ப் நின்றுபோனது. உள்ளே சுழலும் பாகம் தேய்ந்துவிட்டது, அந்த மாடலே இப்போது வருவதில்லை. தண்ணீர் மங்கத் தொடங்கியது. மிச்சமிருக்கிற இரண்டு மீன்களுக்கும் தீனியைக் குறைத்துவிட்டு, புனேயில் இருக்கும் நம் பெண்ணுக்கு போன் செய்தேன். அவள் தமிழ்தான் உங்களுக்குத் தெரியுமே. "மா, சோட் தோ நா, விட்டுடு. ஃபிஷ்ஷை ஷாப்ல குடுத்துடு. நீ என்கூட வந்துடு. அங்க தனியா யாருக்காக இதெல்லாம்?" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த "யாருக்காக" என்னைத் தூங்கவிடவில்லை. மீனைக் கொடுத்தால் தொட்டி போகும், தொட்டி போனால் இந்த வீட்டில் நான் இருப்பதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

நீங்கள் வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். கடைக்காரர் உங்களை விசாரித்தார், சொன்னேன். மீன்களைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் கவலைப்பட வேண்டாம் என்றும் இந்தியில் சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, "நஹி பையா, ஸ்கிம்மர் திகாவோ" என்று ஸ்கிம்மரைக் காட்டச் சொன்னேன். அவர் உங்கள் நினைவாகவே பெரியதை எடுத்து வைத்தார். இரண்டே மீன்தான், இவ்வளவு பெரிதில் நுரை சேரவே அழுக்கு போதாது என்று சொல்லிச் சின்னதைக் கேட்டேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா, சுழலும் பாகம் தேய்ந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டேன். அங்கிள்ஜி ஒருநாளும் இதையெல்லாம் கேட்டதில்லை என்று அவர் சிரித்தார். எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மீன்கள் இருக்கும் வரைக்கும் என்றேன். இந்த ஜாதி மீன்கள் நெடுங்காலம் இருக்கும் ஆண்ட்டிஜி என்றார். இருக்கட்டும் என்றேன்.

நானே மாட்டினேன். அலமாரிக் கதவு இப்போது சரியாக மூடுகிறது. யாரும் இடித்துக்கொள்வதில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

புது ஸ்கிம்மர் உடனே நுரை தள்ளாது, பழக நாளாகும் என்று தெரிந்தும் மணிக்கொரு தரம் குனிந்து பார்த்தேன். ஒருநாள் நம் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டே குனிந்தேன். கோப்பையின் கழுத்தில் பழுப்பாய் ஒரு வளையம் ஏறிக்கொண்டிருந்தது. காதில் போன் இருப்பதே மறந்துவிட்டது. "ஏங்க, சீக்கிரம் வந்து பாருங்க" என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்.

போனில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்குக் காட்டும்மா" என்றாள்.

வீடியோ போட்டுக் காட்டினேன். நுரையைப் பார்த்தாள், மீன்களைப் பார்த்தாள், இரண்டும் சாப்பிட்டதா என்று கேட்டாள். கொடுத்துவிடு என்று அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, தொட்டிப் பக்கம் போனைத் திருப்பச் சொல்கிறாள்.

நல்லதோ கெட்டதோ, எதைப் பார்த்தாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிட வருகிறது எனக்கு. அதை மட்டும் நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.