ஈட்டி இறங்கிய மண்

அக்டோபர் 20

காலையில் முதல் வேலையாகக் காபிக் குடுவையை அடுப்பில் ஏற்றினேன். அது கொதிப்பதற்குள் நான் கொதித்துவிட்டேன். நவம்பர் 11 ஊர் விழாவுக்கான மலரின் அச்சுப்படி வந்திருந்தது. நான் எழுதிய ஊர் வரலாற்றில் ஒரு பத்தியைக் காணோம்.

கிரேக்க வீரன் ஈட்டி எறிந்து, அது இறங்கிய இடத்தில் ஊரை எழுப்பிய கதை அப்படியே இருக்கிறது. உண்மையில் ஊரைக் கட்டிய, தென் இத்தாலியப் பழங்குடியான லுக்கானியர், பாறை முடிகிற இடத்திலேயே மதிலையும் முடித்துக்கொண்டார்கள், அதற்கு அப்பால் நழுவும் களிமண், அங்கே ஒரு பானை ஓடுகூடக் கிடைத்ததில்லை – இதுதான் இல்லை. புதுப் பள்ளிக்கூடம் வரப்போவது அந்தக் களிமண்ணில். ஊர்த் தலைவன் என் தம்பி கானியோ.

போனில் கேட்டேன்.

"அக்கா, வர்றவங்க பன்னிக்கறியும் புது ஒயினும் தேடி வர்றாங்க. உன் களிமண்ண யாரு கேட்டா?"

"அதுமேல உக்காந்து படிக்கப்போற பிள்ளைங்க கேக்கும்டா."

"மண்ணெல்லாம் சோதிச்சாச்சு. ஆகஸ்ட்லயே."

ஆகஸ்டில்! அப்போது கோடை வெயிலில் அது ஓடு மாதிரி இறுகிக் கிடக்குமே!

அக்டோபர் 27

மழை.

நவம்பர் 2

விழா ஒத்திகை. வருஷா வருஷம் கோயில் முன் பாறைப் பிளவில் செருகும் ஈட்டியை இந்த முறை பள்ளி மனையில் நட வேண்டுமாம். வீரன் வேஷம் என் கணவர் எஜீதியோவுக்கு. தகரத் தலைக்கவசம், தொப்பை. ஒரே குத்து. பாதி ஈட்டி உள்ளே.

"பாத்தியா அக்கா, எவ்ளோ சுளுவா எறங்குது!" என்றான் கானியோ.

பெருமை வேறு. மடையன். பள்ளிக்கூடம் மட்டும் இறங்காதா?

நவம்பர் 7

நான்கு நாள் மழைக்குப் பின் போய்ப் பார்த்தோம். ஈட்டி சாய்ந்திருந்தது. அதற்கு மேட்டுப்பக்கம் நிலத்தில் என் பூட்ஸ் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"பசங்க ஆட்டியிருப்பாங்க" என்கிறான் கானியோ. ஈட்டியை ஆட்டலாம். நிலத்தையுமா ஆட்டுவார்கள்?

எஜீதியோவும் கூடத்தான் வந்து பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "விடும்மா. ஒரே மேஜைல சாப்பிடுற குடும்பம்."

குடும்பமாம்!

நவம்பர் 10

வெடிப்பில் சரளை கொட்டி, ஈட்டியை நிமிர்த்திவிட்டார்கள். சாயங்காலம் கானியோ ஒயினோடு வந்தான்.

"நாளைக்கு மைக்ல ஊர்க் கதைய நீதான் வாசிக்கணும். உன் குரலுக்குத்தான் கூட்டம் அடங்கும்."

"சரிடா."

"இப்பதான் நீ என் அக்கா!" இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டுப் போனான். எஜீதியோவுக்கும் நிம்மதி, சீட்டியடித்தபடி தலைக்கவசத்தைத் துடைக்கிறார்.

வாசிக்கத்தான் போகிறேன். காணாமல் போன அந்தப் பத்தியை. மேடையில் இல்லை, அந்தச் சரளையின் மேல் நின்று.