முதல் நாற்காலி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களை வைத்தே இங்கிலீஷ் வாக்கியத்துக்கான நாற்காலி விளையாட்டைத் தொடங்கிவிட்டேன். கரும்பலகைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். முதலாவது 'யார்', நடுவில் 'என்ன செய்கிறார்', கடைசியில் 'எதை'. கழுத்தில் சொல் அட்டையை மாட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். வகுப்பே சேர்ந்து வாசிக்கும். 'ட்ரிங்க்ஸ்' அட்டை கிடைத்தவர்கள் எல்லாம் கடைசி நாற்காலிக்கே ஓடுகிறார்கள். நம் பேச்சில் செயல் கடைசியில்தானே வரும், அந்தக் கால்கள் வேறு எங்கே போகும்? இழுத்து வந்து நடுவில் உட்கார வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். முதல் நாற்காலி காலியாக இருக்கவே கூடாது. நாம் 'வந்தாச்சு' என்று சொல்லிவிட்டுப் போகலாம், இங்கிலீஷில் டிரைவர் இல்லாமல் வண்டி நகராது.

சிட்டுவும் இந்த வருஷம் என் வகுப்புதான். வகுப்பில் நான் அவளுக்கு மிஸ், அம்மா கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டேன். இன்று வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். 'மிஸ்' என்று திருத்திக்கொண்ட பிறகுதான் திரும்பினேன்.

ஜூன் 11, புதன்

இவரிடம் சொன்னேன். "வீட்டுல எலி, வெளியில புலியா? பெத்த பொண்ணுகிட்டயுமா?" என்று கேலி செய்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். நான் அவளிடம் கொஞ்சம் குழைந்தால் போதும், மற்ற அம்மாக்கள் என்னைப் பிய்த்துவிடுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஜூன் 16, திங்கள்

சிட்டுவோடு யாரும் விளையாடுவதில்லை. மிஸ்ஸோட பொண்ணு, கோள் சொல்லிவிடுவாளாம். இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, காலியாக இருந்த முதல் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தி, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றே?"

"விளையாடுறோம் மிஸ்."

தனியாக இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான். நானும் சின்ன வயதில் தலையணையோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

பெரிய மிஸ் பாடம் பார்க்க வந்து வாசலில் நின்றார். எனக்குப் படபடப்பு. நடு நாற்காலியில் 'லைக்ஸ்' அட்டையோடு ஓட்டைப்பல்லன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் தன் பெயரையே அட்டையில் எழுதி மாட்டிக்கொண்டு சிட்டு. முதல் நாற்காலியில் ஆள் இல்லை.

"முதல்ல யாரு? சீக்கிரம் வாங்க."

"உக்காந்தாச்சு மிஸ்," என்றாள் சிட்டு. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பெரிய மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், அங்கே நின்று வழக்காட முடியுமா? "சரி, உக்காந்தாச்சுன்னா வாசிங்க," என்றேன். வகுப்பு வாசித்தது. முதலில் சத்தமே இல்லை. ஆனால் எல்லா உதடும் அசைந்தது, ஒரே மாதிரி அசைந்தது. ஒரு பெயர் சொல்கிற நேரம். அதன் பிறகுதான் சத்தமாக, 'லைக்ஸ் சிட்டு'.

பெரிய மிஸ் போகும்போது பாராட்டினார். "எவ்ளோ ஒத்துமையா வாசிக்கிறாங்க!"

ஜூன் 23, திங்கள்

இன்று யாருமே தப்பான நாற்காலிக்கு ஓடவில்லை. ஒருவர்கூட. பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், இப்படி நடந்ததே இல்லை.

முதல் நாற்காலிக்கு வாயாடியை அனுப்பினேன். பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், உட்காரவில்லை.

"ஆள் இருக்கு மிஸ்."

"யாரு?"

"நீங்கதானே அன்னிக்குச் சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டீங்க?"

கோபம் வந்துவிட்டது. பாருங்கள், ஒன்றுமில்லை என்று காட்ட நானே போய்ப் பொத்தென்று உட்கார்ந்தேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஐயோ, மடியில உக்காந்துட்டீங்க மிஸ்!"

சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. எனக்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல, என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

பின்கழுத்து இன்னும் சில்லென்றிருக்கிறது. ஜலதோஷமாக இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

முதல் நாற்காலியை அலுவலக அறைக்கு அனுப்பிவிட்டேன். விளையாட்டையும் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நிற்கிறார்கள். நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லச் சொல்ல, யாரையோ இடித்துவிடாமல் ஒதுங்குகிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் சிட்டு, "மிஸ், தண்ணி," என்றாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 2, புதன்

ஐந்து நாளாக வீட்டிலும் மிஸ்தான். இன்று மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். முதுகை நிமிர்த்தி, வேற்று வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க உக்காந்திருக்கிறது யாரு கண்ணு?"

"நான் அம்மான்னு கூப்பிட்டா உடனே திரும்பிப் பாக்கிறவங்க."

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்? பெத்த புள்ள முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிடுது, கேட்டும் கேக்காத மாதிரி கரும்பலகையைப் பாத்துக்கிட்டு நின்னேனே. யாருக்குப் பயந்து? அந்த நாலு அம்மாக்களுக்கா? — அந்தக் கூப்பிட்ட சத்தம் எங்கேயாவது போய்த்தானே சேரணும். எது கேட்டுச்சோ. எது வந்துச்சோ.

"இனிமே அம்மான்னே கூப்பிடு. வகுப்புலயும் கூப்பிடு. யாரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். ஒரு தடவை கூப்பிடு தங்கம்."

என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதீங்க மிஸ்," என்றாள்.

ஜூலை 14, திங்கள்

சிட்டுவை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டோம். "நல்லாப் படிக்கிற பொண்ணை எதுக்கு மாத்துறீங்க?" என்று பெரிய மிஸ்ஸுக்கு ஆச்சரியம். காரணம் சொன்னால் என்னைத்தான் மாற்றுவார்கள்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். வாயாடி பூனை அட்டையோடு ஓடிவந்து முதல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "நான்தான் கேட்!" என்று கத்தினாள். ஓட்டைப்பல்லன் 'ட்ரிங்க்ஸ்' அட்டையோடு நேராகக் கடைசி நாற்காலிக்கு ஓடினான். அவன் தப்பைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். பையன் மிரண்டுவிட்டான்.

வகுப்பை விட்டுப் போய்விட்டது. போய்விட்டது.

— எங்கே போனது என்று பேருந்தில் வரும்போதுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புதுப் பள்ளியில் சிட்டுவைப் பற்றி நல்ல பெயர். இங்கிலீஷில் முழு வாக்கியமாகப் பேசுகிறாளாம். வீட்டிலும் நன்றாகச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள், சொன்னதைக் கேட்கிறாள். எடையும் கூடியிருக்கிறது. இவருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

சாயங்காலம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து குரல் கேட்டது. "அம்மா!"

கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "இதோ வந்துட்டேன், என்னடா கண்ணு?" விரல் வெட்டியிருந்ததுகூடத் தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை.

"உங்களை இல்ல மிஸ்."

சரிம்மா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். உள்ளே அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.