டேக் என்ற சொல்லுக்குப் பதினேழு அர்த்தம்

இரணியல்,
16.9.2025

அன்புள்ள பிரீனாவுக்கு,

ஷாஜன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் மகளும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் சண்டையாகிறது. நீயும் "டேக் கேர்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

பெபிஷாவுக்குச் சளி விட்டுவிட்டது. சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில் முதல் பரிசாக ஒரு ஸ்டீல் தட்டு வாங்கினாள். அம்மாவிடம் காட்டாமல் அதில் சாப்பிட மாட்டேன் என்று அலமாரியில் வைத்திருக்கிறாள். பின்பக்கத்து ஓடு மாற்றியாயிற்று. பட்டறையில் வேலை பரவாயில்லை, இரண்டு இரும்புக் கேட்டும் ஒரு மாடிப்படிக் கைப்பிடியும் கையில் இருக்கின்றன.

வெளிநாட்டுக்குப் போகும்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மொதல்ல இங்கிலீஷ் பரீட்ச பாஸாவுங்க. மத்ததப் பொறவு பாப்போம்" என்றாய். பாஸானால் என்னையும் அங்கே கூப்பிடுவாய் என்று அந்த ஒரு பேச்சை நம்பி இரண்டு வருஷம் தக்கலைக்கு வகுப்புக்குப் போனேன். நாற்பத்தோரு வயதில், நர்சிங் படித்த பிள்ளைகள் நடுவில். அவர்கள் எல்லாரும் என்னை அங்கிள் என்றார்கள். வெல்டிங் கையால் பேனா பிடித்தால் எழுத்து எப்படி வரும் என்று உனக்கே தெரியும்.

வகுப்பில் சுனிதா மிஸ் "டேக்" என்ற ஒரு சொல்லை மட்டும் ஒரு வாரம் நடத்தினார். மாத்திரை விழுங்கினாலும் டேக், பஸ் பிடித்தாலும் டேக், பரீட்சை எழுதினாலும் டேக், போட்டோ பிடித்தாலும் டேக். தாங்க முடியவில்லை என்று சொல்வதற்கும் அதுதானாம். பட்டறையில் ஒரு ஸ்பேனரை வைத்து இத்தனை வேலை பார்க்க மாட்டோம். நோட்டில் பதினேழு அர்த்தம் எழுதிவைத்தேன். பெபிஷா தினமும் சாயங்காலம் நோட்டை வாங்கிக் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. கூட்டிக்கொண்டு போவதற்கும் டேக்தான், கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதற்கும் டேக்தான் என்று மிஸ் சொன்ன அன்று எனக்கு அது புரியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று எழுந்து நின்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை பேச்சுப் பரீட்சையில், வெளிநாடு போனால் என்ன எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று கேட்டார்கள். நெத்திலிக் கருவாடு, மரச்சீனி வற்றல், தேங்காய் எண்ணெய், உனக்குப் பிடித்த மட்டிப்பழம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பாஸாகிவிட்டேன். போன திங்கட்கிழமை போனில் சொன்னபோது நீ "கன்கிராட்ஸ்" என்றாய். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

வியாழக்கிழமை விசா காகிதங்களோடு உன் கவர் வந்தது. விசா ஏஜென்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்க்கிற அனீஷ் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல பிள்ளைக்க பேரு மட்டுந்தான் போட்டிருக்கு. ஒங்க பேரு இல்லியே" என்றான். பத்துப் பேர் முன்னால் சொன்னான். கவரில் தேதியைப் பார்த்தேன். என் ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முந்தியே நீ அதை அனுப்பியிருக்கிறாய். நான் பாஸானாலும் தோற்றாலும் உனக்கு ஒன்றுதான். இரண்டு வருஷம் என்னைப் படிக்க விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

மகளைத் தாயோடு வசிக்க அனுப்பத் தகப்பனுக்குச் சம்மதம் என்று ஒரு தாள் வைத்திருந்தாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நான் போடவில்லை. அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் தகடுகளுக்குப் பின்னால் இருக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். நாலு நாள் அங்கேதான் கிடந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெபிஷாவுக்கு ஒரு வயது இருக்கும்போது, சவுதி ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு நீ கொச்சிக்குப் போக இருந்தாயே, அப்போது உன் சர்டிபிகேட் ஃபைல் காணாமல் போகவில்லை. நான்தான் அதில் வைத்துப் பூட்டினேன். போனால் திரும்பி வரமாட்டாய் என்று பயம். நீ கட்டிலுக்கு அடியில் தேடினாய், அரிசிப் பானைக்குள் தேடினாய், உன் அம்மா வீட்டு மச்சில் ஏறித் தேடினாய். நானும் கூடவே தேடினேன். அதுதான் பெரிய கேவலம். இன்டர்வியூ முடிந்த மறுநாள் அலமாரியில் துணிக்கு அடியில் ஃபைலைத் திரும்ப வைத்தேன். நீ எடுத்துப் பார்த்தாய். உறையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாய், என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. நீ அன்று கத்தியிருக்கலாம், பிரீனா. எட்டு வருஷம் கழித்து இப்படிக் கவரில் வைத்துப் பதில் சொல்கிறாய்.

நேற்றுப் பெட்டியைத் திறந்தேன். தாளின் மேல் தூள் படிந்திருந்தது. அன்று நீ விரலால் தொட்ட அதே தூள். பிறகு எடுத்துத் துடைத்தேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நோட்டரி முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் கூரியரில் அனுப்புகிறேன்.

மகளிடம் அப்பா பின்னால் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை நீ மாற்றிச் சொல்லாதே. அவள் வரும்போது தட்டோடு என் நோட்டையும் பையில் வைத்து விடுவேன். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் போனில் அவள் என்னைக் கேள்வி கேட்கட்டும். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே ராத்திரி பத்து மணியாகும். முழித்திருப்பேன். பதினேழில் நாலு எனக்கு இன்னும் தப்பாகத்தான் வருகிறது.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் காப்பாராக.

இப்படிக்கு,
பெபிஷாவின் அப்பா
ஷாஜன்