திரைக்குப் பின்னால் காத்திருந்தவர்

ஆவணி, வெள்ளிக்கிழமை. ஐந்தாம் திருவிழா.

இன்று சாமியைக் காக்க வைத்தேன்.

மாலைப் பூசையில் அலங்காரம் முடிந்துவிட்டது. திரையை விலக்கித் தீபம் காட்டுவதுதான் மிச்சம். அப்போது இன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் தம்பையா ஓடிவந்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. மணியகாரர் இன்னும் வரேல்லை."

மணியகாரர் எங்கள் பகுதிக்கே பெரிய அரசாங்க அதிகாரி. பொறுத்தேன். நைவேத்தியம் ஆறிப்போனது. சனம் வேர்த்துக்கொண்டு நின்றது. கோயிலுக்கு மாலை கட்டித் தரும் செல்லாச்சிதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, திரைக்கு உள்ளுக்கை இருக்கிறவரிலும் பெரியவர் ஆரும் வரவேணுமோ?"

"பேசாமல் நில்!" என்று சீறினேன்.

உனக்கு மேல் ஒருவரும் இல்லை, அதனால்தான் உன்னை வணங்குகிறேன் என்று ஒவ்வொரு பூசையிலும் சமஸ்கிருதத்தில் சொல்கிற வாய் இது. அவள் அதையேதான் தமிழில் கேட்டாள்.

வாசலில் மணியகாரரின் கார் வந்து நின்ற பிறகு திரையை விலக்கினேன். மணி அடித்தது. தீபத்தைக் காட்டிவிட்டுத் தட்டோடு திரும்பினால், சனம் முழுக்க மூலஸ்தானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்கிறது. செல்லாச்சி மட்டும் உள்ளே பார்த்து நின்றாள். அவளுக்குத் திருநீறு கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நித்திரை வரவில்லை. காலையில் மாலை கொண்டு வருவாள். அப்போது என்ன சொல்வது?

கோயிலிலிருந்து வீட்டுக்கு வெளிக்கிட்டபோதே நாளைய உபயகாரர் மறித்திருந்தார். "ஐயா, நாளைக்கு மணியகாரரிலும் பெரிய ஆள் ஒருத்தர் வாறார். கொஞ்சம் பிந்தினாலும்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் நான் தலையாட்டிவிட்டேன்.